மோனோவை: ஊர்ல ஆள் ஒண்ணு, சென்சஸ்ல ரெண்டு

அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல மோனோவைன்னு ஒரு ஊர் இருக்கு. அங்க இருக்கற ஒரே ஒரு பாருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கற கதைய முதல்ல சொல்லிடறேன், மத்ததெல்லாம் அதுல இருந்தே பிடிபட்டுடும். மாநிலத்துல இருந்து மது, சிகரெட் லைசென்ஸ் பாரம் ஊர் செயலாளர் பேருக்கு தபால்ல வரும். செயலாளரா அத வாங்கறது எல்ஸி ஐலர்னு ஒரு அம்மா. வாங்கி, ஊர் கிளர்க்குங்கற முறையில அதுல கையெழுத்து போடறதும் அதே எல்ஸி. போட்டு முடிச்சு பார் ஓனர் கையில குடுக்கணும் இல்லையா, பார் ஓனரும் எல்ஸிதான். மேயரும் அவங்கதான், பொருளாளரும் அவங்கதான், லைப்ரரியனும் அவங்கதான், ஏன்னா அந்த ஊர்ல வேற ஆளே கிடையாது.

நான் ஒரு தடவ ஒரு சர்ட்டிபிகேட்டுக்காக ஒரு ஆபீஸ்ல மூணு மேசை அலைஞ்சிருக்கேன், மூணாவது மேசைக்காரர் "முதல் மேசையில சீல் வாங்கலையே நீங்க"ன்னு திருப்பி அனுப்பினார். மோனோவைல அந்த மூணு மேசையும் ஒரே மேசை, அதுவும் பார் கவுண்ட்டர். பொறாமையா இருக்கு.

இந்த ஊரப் பத்தி எழுதறவங்க எல்லாரும் "ஒத்த ஆள் ஊர், எவ்ளோ அழகு பாருங்க"ன்னு சொல்லிட்டு போட்டோ போட்டு முடிச்சிடறாங்க. எனக்கு அதுல பெருசா ஆர்வம் இல்ல. எனக்கு உறுத்தறது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒரே ஒரு ஆள் மிஞ்சின பிறகும் அது எப்படி சட்டப்படி ஊரா, சொந்த நிர்வாகத்தோட நிக்குது. ரெண்டாவது, 2020 சென்சஸ்ல அந்த ஊரோட மக்கள்தொகை 1 இல்ல, 2ன்னு வந்துச்சு. யாரும் குடி வரல, யாருக்கும் பிள்ளை பிறக்கல, ஆனா அரசாங்க கணக்குல ஊர் டபுள் ஆகிடுச்சு. ஊரோட அந்தஸ்து ஒரு பைல்ல இருக்கு, ஊரோட தலை எண்ணிக்கை வேற ஒரு பைல்ல இருக்கு, ரெண்டும் ஒண்ண ஒண்ணு கேட்டுக்கறதே இல்லைங்கறதுதான் இந்த கேஸ்ல நான் பார்த்தது.

முன்கதை

மோனோவை இருக்கறது பாய்ட் கவுண்டியில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி), மாநிலத்தோட வடக்கு ஓரத்துல, தாண்டினா சவுத் டகோட்டா. மொத்த பரப்பே சுமார் 0.54 சதுர கிலோமீட்டர், ஏக்கர் கணக்குல சொன்னா கிட்டத்தட்ட 134 ஏக்கர். 1902ல ரயில் பாதை அது வரைக்கும் நீண்டப்போ மனை பிரிச்சு போட்ட ஊர் இது. மோனோவைன்னா பூர்வகுடி மொழியில பூன்னு அர்த்தமாம், அங்க காட்டுப்பூ நிறைய இருந்துச்சாம்.

ரயில் வந்தா ஊர் வரும், அந்த சமவெளி முழுக்க அதே கதைதான். தானியத்தையும் மாட்டையும் ஏத்தி அனுப்ப ஒரு ஸ்டேஷன், ஸ்டேஷன சுத்தி மளிகைக்கடை, சர்ச், பள்ளிக்கூடம், போஸ்டாபீஸ். 1930கள்ல மோனோவை உச்சத்துல இருந்தப்போ சுமார் 150 பேர் இருந்தாங்கன்னு சொல்லுவாங்க. மூணு மளிகைக்கடை ஓடுன ஊர்.

அதுக்கப்புறம் ஒரே சரிவு. டிராக்டர் வந்ததும் நூறு ஏக்கர் பார்த்தவன் ஆயிரம் ஏக்கர் பார்க்க ஆரம்பிச்சான், பண்ணை பெருசாச்சு, பண்ணைக்காரன் எண்ணிக்கை குறைஞ்சுது, பசங்க வேலை தேடி சிட்டிக்கு போனாங்க, போனவங்க திரும்பல. எல்ஸி அந்த ஊருக்கு ஒரு கால் மைல் தள்ளி ஒரு பண்ணையில வளர்ந்தவங்க, படிச்ச பள்ளிக்கூடத்துலயே ரூடிய பார்த்து, 19 வயசுல கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. ஊர் சர்ச்சுல நடந்த கடைசி இறுதிச்சடங்கு 1960ல அவங்க அப்பாவோடது. 1967ல இருந்து 1970க்குள்ள போஸ்டாபீசும் கடைசி மளிகைக்கடையும் மூடியாச்சு, 1974ல பள்ளிக்கூடம். ஊரே மூடிக்கிட்டு இருந்த அந்த நேரத்துல, 1971ல, இவங்க ரெண்டு பேரும் மூடிக்கிடந்த பார எடுத்து திறந்தாங்க. தைரியமா பிடிவாதமான்னு எனக்கு தெரியல, ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

1980 சென்சஸ்ல 18 பேர். 2000ல 2 பேர், அதாவது எல்ஸியும் ரூடியும். 2004ல ரூடி இறந்துட்டாரு. 2010ல 1. அப்போ அமெரிக்கா முழுக்க, சட்டப்படி பதிவான ஊராட்சி அமைப்புகள்ல ஒரே ஒரு ஆள் வாழற இடம் இது மட்டும்தான்.

ஆள் குறைஞ்சா ஊர் கலையுமா

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க, நானும் முதல்ல குழம்பினேன். அமெரிக்காவுல ஊர்னா ரெண்டு வகை. இன்கார்ப்பரேட்டட், அதாவது மாநில சட்டத்துல பதிஞ்சு தனக்குன்னு ஒரு நிர்வாகக் குழு, வரி போடற அதிகாரம், சொந்த எல்லை எல்லாம் இருக்கற ஊர். இன்னொண்ணு அன்இன்கார்ப்பரேட்டட், பேர் மட்டும் இருக்கும், தபால் முகவரி இருக்கும், போர்டு கூட இருக்கும், ஆனா நிர்வாகம்னு தனியா ஒண்ணும் கிடையாது, கவுண்டிதான் பார்த்துக்கும்.

நெப்ராஸ்கா சட்டத்துல ஊர்கள ஜனத்தொகை வச்சு தரம் பிரிப்பாங்க. 100ல இருந்து 800 பேர் வரைக்கும் இருந்தா வில்லேஜ். அதுக்கு மேல ரெண்டாம் தர சிட்டி, முதல் தர சிட்டின்னு போகும், உச்சியில ஒமாஹா. வில்லேஜுக்கு பொதுவா 5 பேர் கொண்ட டிரஸ்டி போர்டு, அதோட தலைவரத்தான் பேச்சு வழக்குல மேயர்னு சொல்றது. இப்ப பாருங்க, 100 பேர் வேணும்ங்கறது உள்ள நுழையறதுக்கான கதவு. வெளிய தள்ளற கதவு இல்ல. 100க்கு கீழ போயிட்டா அந்தஸ்து தானா உதிர்ந்துடாது. ஊரக் கலைக்கணும்னா அதுக்குன்னு தனியா ஒரு நடைமுறை இருக்கு, யாராவது கேக்கணும், நடத்தணும். கேக்கறதுக்கு அந்த ஊர்ல இருக்கறது எல்ஸி ஒருத்தர்தான், அவங்க கேக்கல.

ஆனா கேக்காம சும்மா இருந்தா மட்டும் அந்தஸ்து நிலைக்காது, அதுக்கு வேலை செய்யணும். வருஷா வருஷம் மேயர் தேர்தல் நோட்டீஸ் அடிச்சு பார் சுவத்துல ஒட்டுவாங்க. தேர்தல் நாள்ல தனக்கு தானே ஓட்டு போட்டுப்பாங்க, ஜெயிச்சிடுவாங்க. ஊருக்கான ரோடு திட்டத்த வருஷம் தவறாம எழுதி மாநிலத்துக்கு அனுப்பணும், அனுப்பினாத்தான் ஊர்ல இருக்கற 4 தெருவிளக்குக்கு மாநில நிதி வரும். அது போக விளக்கும் தண்ணியும் ஓடறதுக்கு தன்கிட்ட இருந்து தானே வருஷத்துக்கு சுமார் 500 டாலர் வரி வசூல் பண்ணிப்பாங்க. வரி போடறதும் அவங்க, கட்டறதும் அவங்க, ரசீதும் அவங்க. சிரிப்பா இருக்கும், ஆனா நல்லா யோசிச்சா அந்த பாரம் எல்லாம்தான் ஊர். கட்டடங்கள்ல பாதி இடிஞ்சு புல்லு முளைச்சு கெடக்கு. ஒரு வருஷம் அந்த ரோடு திட்டம் போகலைன்னா விளக்கு அணையும், நோட்டீஸ் ஒட்டலைன்னா நிர்வாகம்னு சொல்லிக்க ஒண்ணும் இருக்காது.

இதோட அருமை தெரியணும்னா பக்கத்து மாநிலம் வயோமிங்ல இருக்கற பூஃபோர்ட பாருங்க. அங்கயும் ஒத்த ஆள்தான் இருந்தாரு, அதுக்கும் "அமெரிக்காவுலயே சின்ன ஊர்"னு பட்டம் குடுத்து டூரிஸ்ட் வருவாங்க. ஆனா அது அன்இன்கார்ப்பரேட்டட். ஊர்னு சொல்றதெல்லாம் ஒருத்தரோட தனிச்சொத்து: கொஞ்சம் நிலம், ஒரு கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு வீடு. அதனால 2012 ஏப்ரல்ல அத அப்படியே ஏலத்துல விட்டாங்க, வியட்நாம்காரர் ஒருத்தர் 9 லட்சம் டாலருக்கு வாங்கினாரு, அடுத்த வருஷமே தன்னோட காபி பிராண்டு பேர ஊருக்கு வச்சிட்டாரு. மோனோவைய அப்படி வாங்க முடியாது. எல்ஸியோட பார வாங்கலாம், வீட்ட வாங்கலாம், ஆனா வில்லேஜ் ஆஃப் மோனோவைங்கற அந்த சட்டப்பூர்வ அமைப்ப வாங்க முடியாது, அது எல்ஸிக்கே சொந்தம் இல்ல, அவங்க அதுல பதவி வகிக்கறாங்க, அவ்ளோதான். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி ஒத்த ஆள் ஊர்தான், சட்டத்துல ஒண்ணு ஊர், இன்னொண்ணு மனை.

இன்னொரு சுவாரஸ்யம், அதே பாய்ட் கவுண்டியில க்ராஸ்னு இன்னொரு வில்லேஜ் இருக்கு, அதுவும் பதிவான ஊர், 2010ல அங்க 2 பேர். கவுண்டி முழுக்கவே 2010ல 2,099 பேர், 2020ல 1,810. நம்ம ஊர்ல ஒரு கல்யாண மண்டபத்துல முகூர்த்த நாள்ல இத விட கூட்டம் இருக்கும்.

அந்த ரெண்டாவது ஆள்

2021 ஆகஸ்ட் 12ம் தேதி சென்சஸ் பீரோ 2020 கணக்க வெளியிட்டாங்க. மோனோவை: 2. நிருபர்கள் எல்ஸிய கேட்டப்போ அந்தம்மாவுக்கே ஆச்சரியம். இங்க வீடுன்னு குடியிருக்கற மாதிரி இருக்கறதே என்னோடது ஒண்ணுதான், எனக்கு தெரியாம இன்னொருத்தர் எங்க இருக்காருங்கற மாதிரிதான் அவங்க பதில் இருந்துச்சு. அப்புறம் பீரோ விளக்கம் சொன்னாங்க: அந்த இன்னொரு ஆள் நிஜ ஆள் இல்ல, நாய்ஸ். வேணும்னே கணக்குல கலந்த ஒரு சின்ன பிழை.

ஏன் கலந்தாங்கன்னு கேட்டா அதுக்கு நியாயமான காரணம் இருக்கு. சென்சஸ்ல தனி ஆளோட விவரத்த வெளிய விடக்கூடாதுன்னு அந்த நாட்டு சட்டம், டைட்டில் 13னு சொல்லுவாங்க. முன்னாடி எல்லாம் ஒரே மாதிரியான வீடுகளோட விவரத்த ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாத்தி போட்டு மறைச்சாங்க. ஸ்வாப்பிங்னு பேர். அதுல ஒரு பிளாக்கோட, அதாவது சென்சஸ் கணக்கு போடற ரொம்ப சின்ன பகுதியோட, மொத்த தலை எண்ணிக்கை மாறாது, அதனால 2010ல மோனோவைக்கு வந்த 1ங்கறது எண்ணின எண்ணிக்கையே.

பிரச்னை என்னன்னா சென்சஸ் வெளியிடறது ஒரு அட்டவணை இல்ல, வயசு வாரியா, ஆண் பெண் வாரியா, இனம் வாரியா எக்கச்சக்க அட்டவணை. எல்லாத்தையும் ஒண்ணா வச்சு கம்ப்யூட்டர்ல ஓட்டினா சுடோகு மாதிரி, காலியா விட்ட கட்டத்த எல்லாம் நிரப்பிடலாம். பீரோவே தன்னோட 2010 அட்டவணைகள் மேல இத ஓட்டி பாத்துச்சு. 46 சதவீதம் பேரோட பிளாக், வயசு, பால், இனம் எல்லாம் அச்சு அசலா வந்துச்சு. வெளி மார்க்கெட்ல கிடைக்கற டேட்டாவோட சேர்த்து பாத்தா 17 சதவீதம் பேர, அதாவது சுமார் 5.2 கோடி பேர, பேரோட அடையாளம் காண முடிஞ்சுது. பீரோக்காரங்களுக்கு தூக்கம் போயிருக்கும்.

மோனோவை மாதிரி ஊருக்கு அந்த சுடோகு கூட தேவையில்ல. ஊர்ல 1 ஆள்னா, அந்த ஊர் அட்டவணைல இருக்கற ஒவ்வொரு கட்டமும் அந்த ஆளப் பத்தினதுதான். ரகசியம்னு சட்டம் சொன்னாலும் அட்டவணையே முகவரியா போயிடுது. அதனால 2020க்கு டிஃபரன்ஷியல் பிரைவசின்னு புது முறை கொண்டு வந்தாங்க. எண்ணின எண்ணிக்கையோட கணக்கு பாத்து ஒரு குலுக்கல் எண்ண கூட்டறது, இல்ல கழிக்கறது. மாநிலத்தோட மொத்த மக்கள்தொகை மட்டும் தொடமாட்டாங்க, ஏன்னா பாராளுமன்ற சீட் அத வச்சு பிரிக்கறது. ஒவ்வொரு பிளாக்லயும் எத்தனை வீடுங்கறதையும் தொடமாட்டாங்க. மாநிலத்துக்கு கீழ கவுண்டி, ஊர், பிளாக்னு ஆள் எண்ணிக்கை எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கலப்பு உண்டு.

பெரிய ஊருக்கு இது தெரியவே தெரியாது. ஒமாஹால ஒரு பத்து பேர் கூடினாலும் குறைஞ்சாலும் யார் கண்ல படப்போவுது. மோனோவைல ஒரு ஆள் கூடினா 100 சதவீத பிழை. அதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்சது. நாய்ஸ் கலந்த பிறகு ஒரு ஊருக்கு மைனஸ் 2 பேர்னு வந்தா அத அப்படியே போட முடியாது, 0ன்னு ஆக்கணும். அதாவது கீழ போறதுக்கு தரை இருக்கு, மேல போறதுக்கு கூரை இல்ல. மாநில மொத்தம் மாறக்கூடாதுங்கறதால இப்படி சின்ன இடத்துல ஏறினத பெரிய இடத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துதான் சரிக்கட்டணும். ஆக மொத்தத்துல ரொம்ப சின்ன இடங்கள் கொஞ்சம் உப்பலா தெரியறதுக்கு வாய்ப்பு அதிகம். குலுக்கல் வேற மாதிரி விழுந்திருந்தா மோனோவைக்கு 0ன்னு வந்திருக்கலாம், ஆளில்லாத ஊருக்கு மேயர், வரி, மது லைசென்ஸ், தேர்தல் நோட்டீஸ். அத நினைச்சா 2 எவ்வளவோ பரவால்ல.

இது மோனோவைக்கு மட்டும் நடந்ததில்ல. சிகாகோ நடுவுல ஆத்தோட வளைவு ஒண்ணு தனி பிளாக்கா இருக்கு, முழுக்க தண்ணி, அங்க 14 பேர் குடியிருக்கறதா 2020 கணக்கு காட்டுச்சு. பீரோ சொல்றது, பிளாக்க தனித்தனியா எடுத்து பார்க்காதீங்க, பத்து இருபது பிளாக்க சேர்த்து பாத்தா பிழை அடிபட்டு போயிடும்னு. ஆராய்ச்சிக்காரனுக்கு அது சரிப்படும். ஆனா ஊர்ங்கறது சேர்த்து பார்க்கறதுக்காக இருக்கற பிளாக் இல்லையே, அது தனியா நிக்கறதுக்காகத்தான் எல்லை போட்டு பதிவு பண்ணினது. அலபாமா மாநிலம் இந்த முறைய எதிர்த்து 2021 மார்ச்ல கோர்ட்டுக்கே போச்சு, ஜூன்ல மூணு நீதிபதி அமர்வு அத ஏத்துக்கல.

சரி, தப்புன்னு தெரியுதே, திருத்தச் சொல்லலாமேன்னு கேக்கலாம். சென்சஸ் முடிஞ்ச பிறகு கணக்க மறுபரிசீலனை பண்ண சொல்லி கேக்கறதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க, 2022லயும் 2023 நடு வரைக்கும். ஆனா மனுவ தனி ஆள் போட முடியாது, அந்தந்த உள்ளாட்சியோட தலைமைப் பொறுப்புல இருக்கறவர் போடணும். மோனோவைல அது யாரு? எண்ணப்பட்ட ஆளேதான். அதுலயும் எல்லைக்கோடு தப்பா விழுந்தது, வீட்ட வேற பிளாக்ல போட்டது மாதிரி கோளாறுகளத்தான் எடுத்துப்பாங்க, வேணும்னே கலந்த நாய்ஸ எடுத்துக்க மாட்டாங்க. ஆக "நான் ஒருத்திதான் இருக்கேன்"னு அந்த ஒருத்தியே மேயர் சீல் வச்சு எழுதிக் குடுத்தாலும் கணக்கு மாறாது.

என் அபிப்பிராயம் கேட்டா, முறைய நான் குறை சொல்ல மாட்டேன். 5.2 கோடி பேர அடையாளம் காண முடியற கணக்க அப்படியே விட முடியாது. ஆனா யாரக் காப்பாத்த இது பண்ணினாங்களோ அந்த வகைக்கு இவங்கள விட பொருத்தமான ஆளும் இல்ல, இவங்க அளவுக்கு இது தேவைப்படாத ஆளும் இல்ல. எல்ஸி யாரு, என்ன வயசு, எங்க இருக்காங்கன்னு உலகத்துல பாதி பேருக்கு தெரியும். 2018ல ஆர்பீஸ்ங்கற சாண்ட்விச் கடை கம்பெனி உலகத்துலயே பெரிய விளம்பர போஸ்டர்னு கின்னஸ் சாதனைக்கு விரிச்ச இடம் இதுதான். ஊர் நுழைவுல நிக்கற பச்சை போர்டுல "மோனோவை 1"ன்னு பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கு, போற வர்றவன்லாம் அது பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறான். பீரோ கஷ்டப்பட்டு மறைச்சத ரோட்டோரத்துல நெடுஞ்சாலை போர்டு சொல்லிக்கிட்டு நிக்குது.

முன்ன வயோமிங்லயே லாஸ்ட் ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊருக்கு இதுக்கு நேர் எதிரா நடந்துச்சு. 2000 சென்சஸ்ல அங்க 1 ஆள்னு போட்டாங்க, ஊர் மேயர் இல்ல நாங்க 4 பேர் இருக்கோம்னாரு. 2010ல 4ன்னே வந்துச்சு. அப்போ நாய்ஸ் கிடையாது, எண்ணினதுல விட்டுப்போச்சுன்னுதான் அவங்க தரப்பு. ரெண்டு ஊர்லயும் பாத்தா, கணக்கு தப்புன்னு சொல்ல முடிஞ்சவங்க அந்த ஊர்ல இருக்கறவங்க மட்டும்தான், ஒரு எட்டு போய் பாத்தா தெரியற விஷயம்.

பார் ஓடிக்கிட்டே இருந்துச்சு. திங்கள் லீவு, மத்த நாள் காலைல 9 மணிக்கு திறந்தா ராத்திரி 9 வரைக்கும். ஊர்லயே சில்லுனு பீர் கிடைக்கற இடம்னு போர்டு, பொய்யும் இல்ல. சுத்து வட்டார பண்ணைக்காரங்க முப்பது நாப்பது மைல் ஓட்டிட்டு வந்து சாப்பிடுவாங்க, சீட்டாடுவாங்க, ஹாம்பர்கர் 3.50 டாலருக்கு வித்த காலம் இருந்துச்சு. அதாவது அந்த கதவு வழியா ஒரு நாள்ல உள்ள வர்ற ஆள் எண்ணிக்கை எந்த சென்சஸ்லயும் ஊர் எண்ணிக்கைய விட பல மடங்கு.

பாருக்கு பக்கத்துல ஒரு சின்ன கொட்டகை, ரூடி லைப்ரரி. ரூடி வாழ்நாள் முழுக்க சேர்த்த புத்தகங்கள், சுமார் 5,000. அவர் இறந்த பிறகு எல்ஸி அத ஊர் நூலகமா திறந்து வச்சாங்க. வேணும்ங்கறவங்க எடுத்துட்டு போவாங்க, படிச்சிட்டு கொண்டு வந்து வைப்பாங்க. 2010 கணக்குப்படி தலைக்கு 5,000 புத்தகம் இருந்த ஊர், 2020 கணக்குப்படி தலைக்கு 2,500. அந்த ரெண்டாவது ஆள் இன்னும் ஒரு புத்தகம் கூட எடுக்கல, வரியும் பாக்கி.